கழற்றி வைத்த கார்டு

நம்மூர் கிரில் பட்டறைகளில் 'ஏஜி 4' என்று அழைக்கப்படும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிறது. 100 மி.மீ. விட்டமுள்ள வீலின் விளிம்பு அப்போது விநாடிக்கு 57 மீட்டர் வேகத்தில் போகும். மணிக்கு என்று சொன்னால் 200 கிலோமீட்டருக்கும் மேல். ஆபத்தைக் கண்டு மனிதக் கை விலகுவதற்கு எப்படியும் 0.2 விநாடி பிடிக்கும். அதற்குள் வீல் 36 தடவை சுற்றி முடித்திருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 'பார்த்து வேலை செய்யப்பா' என்று பட்டறைகளில் சொல்லப்படும் அறிவுரைக்கு எவ்வளவு எல்லை இருக்கிறது என்பது புரியும். கவனம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் விபத்து நேரும் கணத்தில் கவனத்துக்கு அங்கே நேரம் கிடைப்பதில்லை. எந்த வீல், எந்த மெஷின், வீலை மூடும் கார்டு இருக்கிறதா, வெட்டப்படும் பொருள் எதன் மேல் கிடக்கிறது என்பவையெல்லாம் ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. பெரும்பாலான காயங்களின் விதை அங்கேதான் இருக்கிறது. அந்த முடிவுகளை எடுப்பவர் பல நேரம் மெஷினைப் பிடித்திருக்கும் தொழிலாளி இல்லை; மெஷினையும் வீலையும் வாங்கித் தருபவர்.

ஜெர்மனியில் 1922இல் தொடங்கப்பட்ட ஆக்கர்மன் - ஷ்மிட் நிறுவனம் 1954இல் அதிவேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தது. இன்று அது இல்லாத கட்டுமான இடம் இல்லை. இரும்புக் கேட், வெல்டிங் மூட்டு, டைல்ஸ், கிரானைட், சுவரில் ஒயரிங் குழாய்க்கான காடி, மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் கல்லின் முதல் வெட்டு என்று எல்லாவற்றுக்கும் அதே மெஷின்தான். வீலை மாற்றினால் போதும். இப்போது ஆன்லைனில் வரவழைத்து வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்கிறார்கள். இப்படிப் பல வேலைக்கு ஒத்துப்போவதுதான் அதன் பலம். அந்த மெஷினுக்கு ஒவ்வாத வீலையும் அதில் எளிதாக மாட்டிவிட முடிகிறது என்பதுதான் அதன் ஆபத்து.

வீலிலிருந்தே தொடங்கலாம். ஒரு கட்டிங் வீலைக் கையில் எடுத்து அதன் முகத்தைப் படித்துப் பாருங்கள். 'ஏ 60 டி பிஎஃப்' என்பது போல ஒரு குறி இருக்கும். 'ஏ' என்றால் அலுமினியம் ஆக்சைடு, இரும்புக்கு உரியது. 'சி' என்று தொடங்கினால் சிலிக்கான் கார்பைடு, கல், கான்கிரீட்டுக்கு. 60 என்பது மணியின் பருமன், அடுத்த எழுத்து கடினத்தன்மை. கடைசியில் வரும் 'பிஎஃப்', பிசினால் பிணைத்து உள்ளே கண்ணாடியிழை வலை வைத்தது என்பதைச் சொல்கிறது. பக்கத்திலேயே உச்ச வேகம் அச்சாகியிருக்கும்: விநாடிக்கு 80 மீட்டர். அந்த அளவைத் தாண்டாமலிருக்க 4 அங்குல வீல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15,300 சுற்றுக்குள்ளும், 5 அங்குலம் 12,200க்குள்ளும், 7 அங்குலம் 8,500க்குள்ளும், 9 அங்குலம் 6,600க்குள்ளும் ஓட வேண்டும். வீல் பெரிதாகப் பெரிதாக அனுமதிக்கப்பட்ட சுற்று குறைகிறது. தவறு இங்கேதான் நடக்கிறது.

ஏஜி 4 மெஷினில் 7 அங்குல வீலை மாட்டினால் என்ன ஆகும்? 11,000 சுற்றில் அதன் விளிம்பு விநாடிக்கு 103 மீட்டரைத் தாண்டிவிடும். வீலைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், அது தாங்கும் என்று உறுதியளிக்கப்பட்ட விசையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் அதன் மீது ஏறிவிடுகிறது. கொஞ்சம் ஆழமாக வெட்ட வேண்டியிருந்தது, 7 அங்குல மெஷின் கையில் இல்லை என்பதற்காகச் செய்யப்படும் காரியம் இது. பெரிய மெஷினில் தேய்ந்து சிறுத்துப்போன வீலைச் சின்ன மெஷினுக்கு மாற்றிக்கொள்வதும் அதே வகைதான். குறைந்த சுற்றுக்கென்று செய்யப்பட்ட வீல் அது, நடுத்துளையும் வேறு. 4 அங்குல வீலின் துளை 16 மி.மீ., அதற்கு மேற்பட்டவற்றுக்கு 22.23 மி.மீ. இடைவெளியை அடைக்க வாஷரோ வளையமோ வைத்து இறுக்கும்போது வீல் மையம் தப்பி நிற்கும். மெஷின் நடுங்குவதைக் கை உணர்ந்தாலும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

வீலின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். பிசின் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் வலுவிழக்கும் என்பதால், செய்த தேதியிலிருந்து 3 ஆண்டுகளை அதன் ஆயுளாக ஐரோப்பியத் தர விதி வைக்கிறது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில், சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த வீல் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். தேதி கடந்ததும், கீழே விழுந்ததும், விளிம்பு உதிர்ந்ததும் குப்பைக்குத்தான் போக வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை. ஒரு மி.மீ. கட்டிங் வீல் நேர்க்கோட்டில் இரும்பையே அறுக்கும், பக்கவாட்டில் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கும். வெட்டி முடித்த கையோடு அதே வீலின் பக்கத்தை வைத்து பிசிறு தேய்ப்பது பட்டறைகளில் அன்றாடம் நடக்கிறது. தேய்ப்பதற்கென்று 6 மி.மீ. கனத்தில், நடுப்பகுதி குழிந்த கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது. வீல் மாற்றும் அரை நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் இந்த வேலை. மெஷினோடு வந்த இரட்டை முள் ஸ்பேனர் தொலைந்து, நட்டை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றும் இடங்களில் அந்த அரை நிமிடம் ஐந்து நிமிடமாகிவிடுகிறது. அதனாலேயே வீல் மாற்றப்படுவதில்லை. ஸ்பேனரை ஒரு கயிற்றில் கட்டி மெஷினின் ஒயரோடு தொங்கவிடும் பட்டறைகள் உண்டு; மிக நல்ல பழக்கம்.

இனி கார்டு. கழற்றாத மெஷினைப் பார்ப்பது அபூர்வம். ஏன் கழற்றுகிறார்கள் என்று கேட்டால் சோம்பல், அலட்சியம் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். உண்மையான காரணங்கள் வேறு. சதுரக் குழாயின் உள்மூலைக்குள் கார்டு நுழையாது. பெரிய வீல் மாட்ட வேண்டுமென்றால் கார்டு இடிக்கும். வெட்டும் கோட்டைக் கண்ணுக்கு மறைக்கும். திருகு கழன்று ஒருநாள் தொலைந்தால், கார்டு மட்டும் தனியாகக் கிடைக்கும் கடை பக்கத்தில் இருக்காது. இவற்றில் ஒன்றுகூடத் தொழிலாளியின் குணக்கேடு இல்லை; எல்லாமே சரியான கருவியும் உதிரி பாகமும் இல்லாத குறை. மூலைக்குள் புகச் சின்ன மெஷினோ அரமோ வேண்டும், ஆழமாக வெட்டப் பெரிய மெஷின் வேண்டும். அவை இல்லாத இடத்தில், இருக்கும் ஒரே மெஷினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றுகிறார்கள்.

கார்டு எதற்கு என்ற கேள்விக்கு 'வீல் உடைந்தால் துண்டு மேலே வராமலிருக்க' என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். அதற்கு இணையான இன்னொரு வேலையையும் அது செய்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வெட்டிக்கொண்டிருக்கும்போது வீல் பிடிபட்டுவிட்டால் மெஷின் தூக்கி அடிக்கும். எந்தத் திசையில்? பிடிபட்ட இடத்தில் வீல் எந்தப் பக்கம் ஓடியதோ அதற்கு நேர் எதிர்த் திசையில். பொறி பறக்கும் திசைதான் அங்கே வீல் ஓடும் திசை. ஆகவே பொறி உங்களை விட்டு விலகிப் பறந்தால், மெஷின் உங்களை நோக்கி வரும். பொறி உங்கள் பக்கம் வந்தால், மெஷின் உங்களை விட்டு விலகி ஓடும். கார்டு இருந்தால் உங்கள் பக்கம் வரும் பொறியை அது தடுத்துக்கொள்ளும். பாதுகாப்பான திசையில் பிடித்து வெட்ட முடியும். கார்டைக் கழற்றியவரால் பொறியைத் தாங்க முடியாது. இயல்பாகவே மெஷினைத் திருப்பிப் பிடித்து, பொறி எதிர்ப்பக்கம் போகும்படி வைத்துக்கொள்வார். கண்ணுக்கும் கைக்கும் அது வசதியாகத் தோன்றும். ஆனால் மெஷின் எகிறினால் தன் முகத்துக்கோ கழுத்துக்கோ தொடைக்கோ வரும் நிலையில் அவர் தன்னை நிறுத்திக்கொண்டுவிட்டார். கார்டு போனதால் வந்தது ஒரு ஆபத்து மட்டும் இல்லை. நிற்கும் முறையே தலைகீழாகிவிட்டது.

வீல் ஏன் பிடிபடுகிறது? பெரும்பாலும் வெட்டு வாய் மூடிக்கொள்வதால். இரண்டு செங்கல்லுக்கு நடுவே குழாயை வைத்து மையத்தில் வெட்டினால், வெட்டு முடியும் தறுவாயில் குழாய் நடுவில் தொய்ந்து மேல்வாய் வீலைக் கவ்வும். வெட்டுப்படும் முனை தாங்கலுக்கு வெளியே தொங்கும்படி வைத்தால், தன் எடையிலேயே வாய் திறந்துகொள்ளும். இவ்வளவுதான் சூட்சுமம். இதைச் சொல்லித்தர ஒரு நிமிடம் போதும், ஆனால் எத்தனை பேருக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது? நம் பட்டறை வாசல்களில் காணும் காட்சி வேறு மாதிரி இருக்கிறது: தரையில் குந்தி, ஹவாய் செருப்புப் போட்ட காலால் குழாயை மிதித்துப் பிடித்து, முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி வெட்டுகிறார்கள். பக்கக் கைப்பிடி பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஒரு கையில் மெஷின், மறு கையில் குழாய். ஒரு பெஞ்சு வைஸோ இரண்டு சி-கிளாம்ப்போ வாங்கிப் போட்டால் காலும் கையும் அந்த இடத்தைவிட்டு விலகிவிடும். பாதுகாப்புக்காகச் செலவழிக்க ஒரே ஒரு தொகைதான் இருக்கிறது என்று யாராவது கேட்டால், கண்ணாடிக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன்.

பல்வைத்த மர பிளேடை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளைவுட் வெட்டும் வேலைக்கு இது பரவலாகிவிட்டது. மரம் அறுக்கும் வட்ட ரம்பத்துக்கு அடித்தட்டு உண்டு, தானே மூடிக்கொள்ளும் கார்டு உண்டு, இரு கையாலும் அழுத்திப் பிடிக்கும் வடிவம் உண்டு. ஆங்கிள் கிரைண்டரில் இவை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பல்லும் மரத்தைக் கடித்து இழுக்கும். ஒரு முடிச்சில் சிக்கினால் மெஷின் கையை விட்டு ஓடிவிடும். இதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. செய்யவே கூடாது.

கையுறை போடலாமா என்பது நேர்மையான விவாதம். சுழலும் இயந்திரத்துக்கு அருகே கையுறை வேண்டாம் என்பது லேத், டிரில்லிங் மெஷின்களுக்குச் சரியான விதி. பருத்தி நூல் ஒன்று சிக்கினால் விரலையே இழுத்துக்கொள்ளும். ஆங்கிள் கிரைண்டரில் இரண்டு கையும் பிடியில் இருப்பதால், கையோடு ஒட்டிய தோல் கையுறை பொறியிலிருந்தும் கூரான விளிம்பிலிருந்தும் காக்கும் என்பது பெரும்பாலான வழிகாட்டிகளின் முடிவு. நான் அதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: நூல் கையுறை கூடாது. தொளதொளப்பான சட்டை, கழுத்துத் துண்டு, லுங்கி, துப்பட்டா இவற்றுக்கும் அதே விதிதான்.

கண்ணைப் பற்றி நிறையப் பேச வேண்டும். கருவிழியில் தைத்த இரும்புத்துகள் சில மணி நேரத்திலேயே துருப்பிடித்துச் சுற்றிலும் ஒரு வளையம் போடத் தொடங்கும். அதைக் கண் மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ் வைத்து எடுக்க வேண்டும். பட்டறையில் நடப்பது என்ன? பக்கத்தில் இருப்பவர் துணி முனையாலோ தீக்குச்சியாலோ எடுத்துவிடுகிறார். 'கைராசிக்காரர்' என்று பெயரெடுத்த ஒருவர் ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் இருப்பார். துகள் போய்விட்டதுபோல் தோன்றும், கீறல் தங்கிவிடும். நம் வெப்பமண்டல ஊர்களில் அந்தக் கீறல் வழியே பூஞ்சைத் தொற்று புகுந்தால் கருவிழிப் புண்ணாகும். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு பார்வையை மறைக்கும். இதைவிட மோசமானது வலிக்காத காயம். வேகமாகப் பறந்த நுண்ணிய உலோகத் துண்டு கண்ணைத் துளைத்து உள்ளே போய்விட்டால், மேலே சின்னச் சிவப்பு மட்டும் தெரியும். வலி அடங்கிவிட்டதே என்று விட்டுவிட்டால் உள்ளிருக்கும் இரும்பு விழித்திரையைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். ஏதோ வந்து அடித்தது, பார்வை மங்குகிறது என்றால் கண்ணைத் தேய்க்காமல், அழுத்தாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும் முன் 'இரும்பு வேலை செய்வீர்களா' என்று கேட்பதும் இதனால்தான். காந்தப்புலத்தில் அந்தத் துண்டு நகர்ந்துவிடும்.

கூலிங் கிளாஸும் படிக்கும் கண்ணாடியும் பக்கவாட்டைக் காக்காது. சுற்றிலும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி முதலில், அதன் மேல் முகக் கவசம் என்பதே சரியான வரிசை. முகக் கவசம் மட்டும் போட்டால் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் துகள் புகும். பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்துக்கொடுக்கும் பையனுக்கும் கண்ணாடி வேண்டும். அவனை எப்போதும் மறந்துவிடுகிறோம்.

தூசி மெதுவாகக் கொல்வது. கான்கிரீட், செங்கல், கிரானைட், டைல்ஸ் எல்லாவற்றிலும் படிகச் சிலிகா உண்டு. உலர் வெட்டில் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலின் அடிவரை போகும். சிலிகோசிஸ் வந்தால் குணமாகாது. காசநோய் பிடிக்கும் வாய்ப்பையும் கூட்டும். அமெரிக்கா 2016இல் 8 மணி நேரச் சராசரிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. 90 சதவீதத்துக்கும் மேல் சிலிகா இருக்கக்கூடிய செயற்கைக் கல் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடைசெய்தே விட்டது. சமையலறை மேடைக்கான பலகைகளை அறுத்த இளைஞர்களின் நுரையீரல்தான் அதற்குக் காரணம். ராஜஸ்தான் 2019இல் இந்தத் தூசி நோய்களுக்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது. நம் வீடுகளில் கிரானைட் பலகையை ஹாலுக்குள் வைத்து உலர்வாக வெட்டுகிறார்கள், முகத்தில் கைக்குட்டை. துணி இந்தத் தூசியைத் தடுக்காது. முகத்தோடு நன்றாக ஒட்டும் என்-95 தரத்து மாஸ்க், தூசி உறிஞ்சும் கார்டு, அல்லது தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்த மெஷின் வேண்டும். சாதாரண மின்சாரக் கிரைண்டரில் பாட்டிலால் தண்ணீர் ஊற்றுவது தூசியைத் தடுக்கப் போய் ஷாக்கை வரவழைப்பது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஆங்கிள் கிரைண்டரால் வெட்டுவது இவை எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

சத்தம் 100 டெசிபல் வரை போகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் மிஞ்சுகிறது. காதடைப்பான் மலிவானது. அதிர்வால் விரல் மரத்துப்போவது குளிர்நாடுகளில் விரல் வெளுப்பதால் எளிதில் தெரிந்துவிடுகிறது. நம் வெயிலில் வெளுக்காமல் மரத்துப்போவதால், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பொறி 10 மீட்டர் வரை தெறிக்கும். பஞ்சு, தின்னர், ஃபோம் மெத்தை இவற்றை அப்புறப்படுத்தியோ நனைத்த சாக்கால் மூடியோ வைக்க வேண்டும். வேலை முடிந்த பின் ஒரு மணி நேரம் யாராவது அங்கே இருக்க வேண்டும். காலி பெட்ரோல், டீசல், தின்னர் பீப்பாயை வெட்டவே கூடாது. நிரம்பிய பீப்பாயைவிடக் காலிப் பீப்பாய்தான் வெடிக்கும். உள்ளே ஆவியும் காற்றும் கலந்து காத்திருக்கிறது. காயலான் கடைகளில் இந்தப் பாடம் உயிரைக் கொடுத்துப் படிக்கப்படுகிறது. பிளக் இல்லாமல் ஒயர் முனையை சாக்கெட்டில் சொருகிக் குச்சி வைத்து அடைப்பதை நிறுத்தி, மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக மட்டும் மின்சாரம் எடுத்தால் பாதிப் பயம் தீரும்.

காயம் பட்டுவிட்டால் சுத்தமான துணியை மடித்து வெட்டின் மேலேயே அழுத்தி, கையை எடுக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு, கிரைண்டிங் நடக்கும் இடத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கு அருகிலும் வீலின் உச்சப் பாதுகாப்பு வேகத்தை எழுதி வைக்கச் சொன்னது. 35ஆம் பிரிவு தெறிக்கும் துகளிலிருந்து கண்ணைக் காக்கச் சொன்னது. அருமையான பிரிவுகள். ஆனால் மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலை. அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. உரிமையாளர், இரண்டு வெல்டர், ஒரு பையன் என்று இயங்கும் கிரில் பட்டறைக்குள் இந்தச் சட்டங்கள் நுழைவதே இல்லை. ஆங்கிள் கிரைண்டர் அதிகம் புழங்குவது அங்கேதான்.

அதனால் வேறு கைகள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கையை எடுத்ததும் நின்றுவிடும் பேடில் ஸ்விட்சு, வீலை உடனே நிறுத்தும் பிரேக், மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது தானாக ஓடத் தொடங்காத அமைப்பு, வீல் பிடிபட்டதும் அணையும் மின்னணுப் பாதுகாப்பு இவையெல்லாம் இப்போது சந்தையில் கிடைக்கின்றன. பின்னால் தள்ளிப் பூட்டும் ஸ்விட்சு உள்ள மெஷினைவிட விலை கூடுதல். வாங்குபவர் கேட்டால்தான் கடைக்காரர் வரவழைப்பார். வீல் விற்கும் ஹார்டுவேர் கடையில் 'எந்த மெஷினுக்கு?' என்று ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். கார்டும் ஸ்பேனரும் உதிரியாக அதே கடையில் தொங்க வேண்டும். ஐடிஐயில் ஃபிட்டர், வெல்டர் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொறியின் திசையையும் தாங்கலின் இடத்தையும் கையில் மெஷினைக் கொடுத்தே காட்ட வேண்டும். புது வீல் மாட்டியதும் யாரையும் நோக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடும் பழக்கமும் அங்கிருந்தே வர வேண்டும்.

வீடு கட்டுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. ஒப்பந்தம் பேசும்போது சதுர அடிக்கு எவ்வளவு, டைல்ஸ் என்ன கம்பெனி என்றெல்லாம் கேட்கிறோம். கிரானைட்டைக் கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிக்கொள்ளலாமா, காடி வெட்டும் மெஷினோடு தூசி உறிஞ்சி வருமா, வேலை ஆட்களுக்குக் கண்ணாடியும் மாஸ்க்கும் ஒப்பந்ததாரர் தருகிறாரா என்பதையும் அதே பேச்சில் கேட்டு, அதற்கான தொகையையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். வந்த மெஷினில் கார்டு இல்லையென்றால், அதை மாட்டிக்கொண்டு வரும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம் என்று சொல்லலாம். அந்த அரை நாள் கூலியையும் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும்.